டோரீன் ஹோப்வுட்டும் அடிக்காத தொலைபேசியும்

இங்கிலாந்தின் போல்டன் ஊர்ச் சந்தைக்கு டோரீன் ஹோப்வுட் மீன் வாங்கப் போனால் மீன்காரர் சும்மா இருக்க மாட்டார்.

"என்னம்மா, வாடகைக்கு இருந்தவங்க எல்லாரையும் விரட்டியாச்சா?"

"ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. ஆனா மீன் நாத்தம் அடிக்கிறவங்களுக்குத் தர்றதில்ல."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஒன்பது வருடம் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கடுகடுப்பான விடுதிக்காரியாக வந்தவள் அவள். தெருவில் போனால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

அப்பா பேருந்து ஓட்டுநர். டோரீன் தொப்பிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தேவாலயக் கூடத்தில் நாடகம் போட்டாள். பிறகு வாரத்துக்கு ஒரு நாடகம் போடும் ஒரு குழுவில் சேர்ந்தாள். பகலில் அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை, மாலையில் இந்த வார நாடகம். அங்கேதான் அவளுக்கும் எனக்கும் பழக்கம். நான் நடிகைகளுக்கு உடை மாற்றிவிடுகிறவள். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் கொக்கி மாட்டி, ஜிப் இழுத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி மேடைக்கு அனுப்புவதுதான் என் பிழைப்பு.

தொடர் முடிந்தபோது டோரீனுக்கு ஐம்பத்தாறு வயது. "அப்பாடா, இனி அந்தப் பூப்போட்ட ஏப்ரன் வேண்டாம்" என்று மறுபடி மேடைக்கு வந்தாள். அந்த வருடம்தான் காது போகத் தொடங்கியது.

எனக்கு அது ஒரு தேநீர் நேரத்தில் தெரிந்தது. உடை மாற்றும் அறையில் கெட்டில் ஊளையிட்டுக்கொண்டே இருக்கிறது. பக்கத்திலேயே அமர்ந்து அவள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறாள்.

அவள் முன்னால் போய் நின்று, "டோரீன், கெட்டில் கத்துறது கேக்கலையா?" என்றேன்.

சாயக்குச்சியை மூடி வைத்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாத எட்னா. செவிடின்னு தெரிஞ்சா எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று பிறகுதான் தெரிந்தது. அவள் தன் வசனத்தோடு மற்ற எல்லார் வசனத்தையும் மனப்பாடம் செய்தாள். மேடையில் உதடுகளைப் பார்த்துக்கொண்டே நடித்தாள். காட்சி முடிந்தால் கழுத்து இறுகி, தலைவலியோடு வந்து விழுவாள். யாராவது பின்னாலிருந்து பேசினால் பொதுவாகச் சிரித்து வைப்பாள். அவளுக்குத் திமிர் வந்துவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஓல்டாமில் ஒரு நகைச்சுவை நாடகம். அவள் கணவனாக நடித்தவர் ஆர்தர் பில்லிங். உதட்டை முழுக்க மறைக்கும் மீசை அவருக்கு. "அந்த மீசையத் தீ வச்சுக் கொளுத்தணும்" என்று டோரீன் தினமும் புலம்புவாள். முதல் காட்சிக்கு முந்தின நாள் ஆர்தர் மழமழவென்று வந்தார். மனைவிக்கு மீசை பிடிக்கவில்லை என்றார்.

இரண்டாம் அங்கத்தில் தொலைபேசி மணி அடிக்கும். டோரீன் எடுத்துப் பேச வேண்டும். அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். மேடை மேலாளர் ஸ்டான் மணிப் பொத்தானை அழுத்தும்போது, பக்கத் திரைக்குள் அவரருகே நிற்கும் நான் கைக்குட்டையைத் தூக்குவேன். அவள் என்னைப் பார்த்து எடுப்பாள்.

சனிக்கிழமை மதியக் காட்சி, அரங்கம் நிறைந்த கூட்டம். ஸ்டான் பொத்தானை அழுத்தினார், நான் கைக்குட்டையைத் தூக்கினேன். மணி அடிக்கவில்லை. டோரீன் அதற்குள் எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டாள். பார்வையாளர்கள் குழம்பினார்கள். ஸ்டான் முணுமுணுத்துக்கொண்டே வயரை ஆட்டினார். சட்டென்று மணி அலறியது. டோரீன் ரிசீவரைக் காதில் வைத்து நிதானமாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள்; அவள் கையிலிருக்கும் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. பவுடரையும் மீறி அவள் முகம் வெளுத்தது எனக்குத் தெரிந்தது.

ஆர்தர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நேராக அவள் எதிரே வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னார்:

"நீ பேசிட்டே இரு கண்ணு. வாசல்ல யாரோ மணி அடிக்கிறாங்க. உங்கம்மாவா இருந்தா நான் வீட்ல இல்ல."

கைத்தட்டல் கூரையைத் தொட்டது. டோரீனுக்குப் புரிந்துவிட்டது. "எங்கம்மா மணியெல்லாம் அடிக்க மாட்டாங்க. கதவ உடைச்சிட்டுத்தான் வருவாங்க" என்றாள். இன்னொரு கைத்தட்டல்.

திரை விழுந்ததும் உடையைக்கூட மாற்றாமல் இயக்குநர் காலினிடம் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"காலின், எனக்குக் காது கேக்கல. ரெண்டு வருஷமா மறைச்சிட்டேன். வேற ஆளப் பாத்துக்கோங்க."

காலின் அவள் மகன் வயதுக்காரர். அவள் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டார்.

"ஒத்திகையிலயே தெரியும் டோரீன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம். ஆர்தர் எதுக்கு மீசைய எடுத்தார்னு நினைச்சீங்க?"

அவள் திரும்பி, பின்னாலேயே வந்து நின்ற ஆர்தரைப் பார்த்தாள்.

"இருபது வருஷ மீசைம்மா அது" என்றார் அவர். "வீட்டுல என் பொண்டாட்டி இன்னும் என்னோட பேசல."

டோரீன் அங்கிருந்த பெட்டி மேல் உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு பசிக்கிறது என்றாள். மாலைக் காட்சிக்கு முன் நாங்கள் போய் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் தின்றோம். என் தட்டிலிருந்ததையும் அவளே எடுத்துத் தின்றாள்.

அடுத்த மாதம் காதுக்கருவி வந்தது. அதை மாட்டிக்கொண்டு நடித்த முதல் நாள் கோபத்தோடு உள்ளே வந்தாள். "எட்னா, நாடகம் பாக்க வர்றவங்க எல்லாம் இவ்வளவு காலமா இப்படித்தான் இருமிட்டு இருந்தாங்களா? ஒருத்தர்கூடவா மருந்து சாப்பிடல?"

அடுத்த வசந்தத்தில் ஒரு புதுத் தொலைக்காட்சித் தொடருக்கு ஆள் எடுத்தார்கள். நானும் துணைக்குப் போனேன். அறைக்குள் நுழைந்ததும், வணக்கம் சொல்வதற்கு முன்பே அவள், "எனக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. வலது பக்கமா உக்காருங்க" என்றாள். தயாரிப்பாளர் எழுந்து நாற்காலியைத் தூக்கி வலது பக்கம் போட்டார். அந்தத் தொடரில் அவள் தபால் நிலையக்காரியாக ஏழு வருடம் நடித்தாள்.