புத்தகம் தானாகத் திறக்கும் இடம்

என் பேரனின் காதைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னால் நாலு பக்கம் எழுதுவேன். நுனியில் சின்னதாக ஒரு மடிப்பு, அச்சு அசல் என் காது. ஆனால் அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் மருமகன் நடுவில் வந்து நிற்கிறார். அவரைத் தாண்டி என்னால் பேரனிடம் போக முடியவில்லை. அதனால் முதலில் அவர் கதை.

மருமகன் பைண்டர். கிழிந்த புத்தகங்களைப் பிரித்து, மறுபடி தைத்து, அட்டை கட்டிக் கொடுப்பது தொழில். அவர் நகக்கண்ணில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். கல்யாணத்தில் மோதிரம் போடும்போது என் தங்கை, "மாப்பிள்ளை ஒட்டியே விட்டுட்டாரு, இனி அவளால கழட்ட முடியாது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்க நாற்காலிகளில் ஆளே இல்லை.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். பிரசங்கம் நீண்டால் தூங்குகிறவர்கள். அவர் வளர்ந்த சபை அப்படிப்பட்டது இல்லை. அங்கே நகை கிடையாது, சினிமா கிடையாது, மருந்தும் கிடையாது. எதை முடிவு செய்வதானாலும் மூப்பரிடம் போவார்கள். அவர் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, வேதப் புத்தகத்தை முதுகு மேஜையில் படும்படி நிறுத்திக் கையை எடுப்பார். எங்கே விரிகிறதோ அங்கே கண்ணை மூடி விரலை வைப்பார். விரல் பட்ட வரிதான் பதில். பெண்ணை யாருக்குக் கொடுக்கலாம், வெளியூர் வேலைக்குப் போகலாமா, காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கலாமா, எல்லாவற்றுக்கும் அதுதான். 'திறந்து கேட்பது' என்று அதற்குப் பேர்.

மருமகனின் தங்கைக்கு ஒன்பது வயதில் கடுமையான காய்ச்சல் வந்தது. திறந்து கேட்டார்கள். பொறுத்துக் காத்திரு என்ற பொருளில் ஒரு வரி வந்தது. பதினோரு நாள் காத்திருந்தார்கள். காய்ச்சல் போனது, போகும்போது அவள் காதையும் கொண்டு போனது. இன்றுவரை உதட்டைப் பார்த்துத்தான் நாம் பேசுவதைத் தெரிந்துகொள்கிறாள்.

பெண் கேட்டு வந்த அன்றே இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லிவிட்டார். நான் பெயிண்டர். ஒரு வீட்டு வெளிச்சுவருக்கு சாரம் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடியே பேசினார்.

"மூப்பர் புத்தகம் பைண்டிங்குக்கு எங்கிட்ட வந்துச்சு மாமா. மேஜையில வச்சுட்டுக் கத்தி எடுக்கத் திரும்பினேன். அதுவா திறந்துக்கிச்சு. பாத்தா அந்தப் பக்கம். என் தங்கச்சிக்கு வந்த அதே பக்கம். மூடி வச்சேன், மறுபடி அதே பக்கம். பத்து தடவ நிறுத்திப் பாத்தேன். ஏழு தடவ அங்கதான் விழுந்துச்சு."

"அதெப்படி?"

"அடிக்கடி திறக்குற எடத்துல முதுகு உடைஞ்சிடும் மாமா. அப்புறம் எப்ப நிறுத்தினாலும் அங்கதான் விரியும். எங்க தொழில்ல இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் இருபத்தாறு வயசு வரைக்கும் தோணல."

"மூப்பர் ஏமாத்தினாரா?"

"இல்ல. அதான் கஷ்டம். அவருக்கே தெரியாது."

மூப்பரிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் கோபப்படவில்லையாம். "அந்த மடிப்ப யாருடா போட்டது? மடிப்பு வழியா பேச ஆண்டவருக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாராம். அடுத்த வாரம் மருமகனைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் அம்மா தெருவில் எதிரே வந்தால் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு போவார், வெயில் இல்லாவிட்டாலும்.

சபை அவரை விட்டது, பயம் விடவில்லை. முப்பது வயதில் முதல் மாத்திரை சாப்பிட்டார். விழுங்கத் தெரியாமல் வேர்க்கடலை மாதிரி மென்றுவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, "இதைத்தானா எல்லாரும் ஆசையா திங்கிறாங்க?" என்றார். வேதப் புத்தகத்தை நடுவில் திறப்பதையே விட்டுவிட்டார். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக, பென்சிலும் கையுமாகப் படிக்க ஆரம்பித்தார். ஓரத்தில் எல்லாம் கேள்விக்குறி.

"மாமா, ஒரே சங்கதிய ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி சொல்லியிருக்கு. எது சரி?"

"நான் அந்தப் பிரசங்கத்துல தூங்கிட்டேன் மாப்ள."

"வெள்ளத்துல செத்த பிள்ளைங்க என்ன தப்பு பண்ணுச்சுங்க?"

நான் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டேன்.

பேரன் பிறந்ததும் மனிதர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நாலு வாரம் எங்கள் வீடு வீடாக இருந்தது. என் மனைவி போன பிறகு அப்படி ஒரு சத்தம் அங்கே கேட்டதே இல்லை. ஐந்தாவது வாரம் பையன் குடித்த பாலை எல்லாம் கக்க ஆரம்பித்தான். ஓரமாக வழிவது இல்லை, பீய்ச்சியடிக்கும். ஒருமுறை எதிர்ச்சுவர் வரை போனது. கக்கிவிட்டு மறுபடி பசிக்கு அழுவான். அந்தத் தொடையில் பிடிக்க முன்னால் சதை இருந்தது. பிறகு தோல்தான் கையில் வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேனும் எடுத்துவிட்டு வந்தார். "இரைப்பையிலிருந்து குடலுக்குப் போற வாசல் தடிச்சு அடைச்சிருக்கு. பால் இறங்க வழியில்ல. சின்ன ஆபரேஷன்தான். நேத்தே டிரிப்ஸ் ஏத்த ஆரம்பிச்சுட்டோம், உடம்புல குறைஞ்ச உப்பு சரியாயிடுச்சு. மத்தியானம் பண்ணிடலாம். அப்பாவோ அம்மாவோ இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

மருமகன் பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். திரும்ப மூடினார்.

அந்த நேரத்தில்தான் வார்டு வாசலில் அவர் தங்கை வந்து நின்றாள். முழுக்கை வெள்ளை உடுப்பு, கழுத்தில் காதில் ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கே வராத பெண். அண்ணன் கையில் மடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்தாள். அம்மாவின் கையெழுத்து. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு மூப்பரிடம் போயிருக்கிறார். மூப்பர் திறந்து கேட்டிருக்கிறார். ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தது: 'காத்திரு.'

மருமகனின் உதடு வெளுத்தது.

"அது மடிப்பு மாப்ள. நீங்கதானே சொன்னீங்க" என்றேன்.

"அந்தப் புத்தகத்த நான்தான் மாமா திரும்பத் தச்சேன். புது நூல், புது முதுகு. அப்புறமும் அதே பக்கம் எப்படி வருது? காகிதத்துல பழைய மடிப்பு இருந்திருக்கும். இல்ல... மூப்பர் சொன்னது உண்மையா இருந்தா?"

என் மகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "குடுங்க, நான் போடுறேன்" என்றாள்.

"ஒரு மணி நேரம் குடு."

"பன்னெண்டு மணி வரைக்கும் தர்றேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது, நானே போட்டுடுவேன். நான் போட்டா பிள்ளை பிழைச்சுக்கும். நீங்க பிழைப்பீங்களா? ஆயுசு முழுக்க அவன் தும்மினாக்கூட, அன்னைக்கு நாம காத்திருக்கலையேன்னு உக்காந்திருப்பீங்க."

அவர் படி இறங்கினார். நான் பின்னாலேயே ஓடி, என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். நாலு தெரு தள்ளித்தான் கடை. அன்றைக்கென்று எல்லா சிக்னலும் சிவப்பு.

ஷட்டரைத் தூக்கி உள்ளே போனவர், அலமாரியிலிருந்து ஒரு வேதப் புத்தகத்தை எடுத்தார். கறுப்பு அட்டை, அவரே புதிதாகத் தைத்தது, யார் கையும் படாதது.

"இதுல மடிப்பே இல்ல மாமா. ஒரு தடவகூடத் திறக்கல. இது திறந்தா, அது மடிப்போட வேலையா இருக்காது."

அந்தப் புத்தகத்தில் என்ன வேண்டுமானாலும் வரலாம். போ என்று வரலாம், நில் என்று வரலாம், யாரோ யாரையோ பெற்றார் என்று வம்ச அட்டவணை வரலாம். எது வந்தாலும் இந்த மனிதர் அதைப் பிடித்துக்கொள்வார். பிடுங்கி எறியலாமா என்று நினைத்தேன். எறிந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பார்.

மேஜையில் புத்தகத்தை நிறுத்தினார். இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு பக்கமும் பிடித்திருந்தார். கடிகாரம் பதினொன்று இருபது.

"கைய எடுக்கப் போறீங்களா மாப்ள?"

"எடுத்தா திறந்துடும். திறந்தா நம்பிடுவேன்."

"எங்க திறக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

சும்மாதான் கேட்டேன், பேச்சுக் கொடுக்க. அவர் குனிந்து புத்தகத்தின் மேல் விளிம்பைப் பார்த்தார். மடித்து அடுக்கடுக்காகத் தைத்த தாள் கட்டுகள் அங்கே தெரிந்தன. வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருக்கு ஒரு சிரிப்பு வந்தது, அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன்.

"தெரியும் மாமா. புதுப் புத்தகம் கட்டோட நடுவுலதான் திறக்கும், நூல் ஓடுற எடத்துல. இதுல பதினெட்டாவது கட்ட கொஞ்சம் லூசா தச்சுட்டேன். பசை போடும்போதே பாத்தேன், பரவால்லன்னு விட்டேன். அங்கதான் திறக்கும். நான் விட்ட நூல் என் பிள்ளைக்குப் பதில் சொல்லப் போகுது."

"அப்ப ஆண்டவர் எப்படித்தான் பேசுவார்?" நான் உண்மையாகவே கேட்டேன்.

"தெரியாது. பேசுறாரான்னே தெரியாது. அதச் சொல்லவே பயமா இருக்கு மாமா, முதுகுக்குப் பின்னாடி யாரோ கேக்குற மாதிரி."

மூடியது மூடியபடியே புத்தகத்தைத் தூக்கி, மூலையில் இருந்த இரும்பு பிரஸ்ஸின் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்தார். அட்டை காய்வதற்கு வைத்து அழுத்துகிற பிரஸ். சக்கரத்தைச் சுற்றினார். இறுகிய பிறகும் இன்னொரு அரைச் சுற்று சுற்றினார். "வாங்க" என்றார்.

ஆஸ்பத்திரிப் படியை இரண்டிரண்டாகத் தாவினார். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது. மகள் கையில் பேனாவைத் திறந்தே வைத்திருந்தாள். அவர் அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பசை ஒட்டிய பெருவிரல் ரேகையும் காகிதத்தில் சேர்ந்து பதிந்தது. "அது வேண்டாமே சார், கையெழுத்தே போதும்" என்றார் நர்ஸ்.

தங்கை இன்னும் போகவில்லை. பதிலை வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். மருமகன் அதே சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் 'கையெழுத்துப் போட்டுட்டேன்' என்று எழுதி அவளிடம் நீட்டினார். அவள் படித்தாள். இந்தப் பக்கம் அந்தச் சொல், அந்தப் பக்கம் இது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, என் மகள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆபரேஷன் அறைக் கதவு முக்கால் மணி நேரம் மூடியிருந்தது. மருமகன் உட்காரவில்லை, ஜெபிக்கவும் இல்லை. கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா வெளியே வந்து "நல்லா இருக்கான்" என்றதும் மூன்று தடவை நன்றி சொன்னார், நர்ஸுக்கு, தரை துடைத்த அம்மாவுக்கு, கடைசியாகக் கதவுக்கு. கதவுக்குச் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலையில் முதல் பால். கொஞ்சம்தான், ஒரு அவுன்ஸ். குடித்து முடித்ததும் யாரும் மூச்சு விடவில்லை. பீய்ச்சியடிக்கப் போகிறான் என்று நான் துண்டோடு எதிரில் நின்றேன். மருமகன் கடிகாரத்தையும் பிள்ளை வாயையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

காலையில் முதல் ஆளாக வந்திருந்த தங்கை கையை நீட்டினாள். மகள் பிள்ளையைக் கொடுத்தாள். அவள் தோளில் சாய்த்து, முதுகில் உள்ளங்கையை அகலமாக வைத்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கைக்கு முதலில் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஏப்பம் எங்கள் காதுக்கு வந்தது, பெரிய மனுஷன் ஏப்பம். பால் வரவில்லை.

"இறங்கிடுச்சு" என்றார் மருமகன். தங்கைக்குத் தெரியும்படி உதட்டை நன்றாக அசைத்து இன்னொரு தரம் சொன்னார். "இறங்கிடுச்சு."