வேகாத கலவையில் ஒரு கரண்டி

தொண்ணூறுகளில் கல்யாண வீடுகளுக்கு வட்டிலாப்பம் செய்து கொடுப்பது என் தொழில். முட்டை, கருப்பட்டி, தேங்காய்ப்பால், ஏலக்காய் எல்லாவற்றையும் அடித்து, வடித்து, ஆவியில் வைக்க வேண்டும். எனக்கு இனிப்பு மட்டுப் பிடிபடாது. அதற்கு என் தங்கச்சியின் நாக்குத்தான். ஒரு கரண்டி கலவையைக் குடித்து, "ஓம், போதும்" என்று அவள் சொன்ன பிறகுதான் சட்டி அடுப்பேறும்.

எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., ஒருநாள் அடுப்படிக்கே வந்துவிட்டார். "உடைச்ச முட்டைய வெளியில வெச்சிராதீங்க. இந்த வெக்கையில கிருமி பெருகும். உடன அவிக்கணும், நடுவும் இறுகணும். கனநேரம் கிடந்தா கீழ ஊத்திருங்க."

"மணந்து பாத்தாத் தெரியாதா தம்பி?"

"கிருமி மணக்காது ராத்தா."

பெரிய டாக்டர்தான் என்று, அவர் போனதும் சிரித்தேன்.

அடுத்த மாதம் ஒரு கல்யாண ஓடர். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் நூறு முட்டை உடைத்துக் கலந்து, வாளியில் வடித்து வைத்தேன். அடுப்பு மூட்டப் போகையில் ஒழுங்கையில் இராணுவச் சப்பாத்துச் சத்தம். சுற்றிவளைப்பு. எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்று ஆமி கத்தியது. ஏழு மாத வயிற்றோடு இருந்த தங்கச்சியைப் பிடித்துக்கொண்டு போனேன். பின்னேரம், அஸர் பாங்குக்குப் பிறகுதான் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து வாளியை மணந்து பார்த்தேன். ஏலக்காய்தான் மணத்தது. பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி அள்ளி நீட்டினேன். பாவம், பசியில் இருந்தாள். "இன்னொண்டு தா ராத்தா" என்று இரண்டாவதையும் குடித்தாள்.

சட்டியில் ஆவி கிளம்பிய பிறகுதான் பி.எச்.ஐ. சொன்னது மண்டையில் உறைத்தது. யா அல்லாஹ்! சட்டியில் இருப்பதைக் கீழே ஊற்றிவிடலாம். அவள் வயிற்றுக்குள் போனதை என்ன செய்வேன்? விடிந்தால் கல்யாணம், சட்டியை ஊற்றவும் மனம் வரவில்லை. பயந்துவிடுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை. பொய். ஏசுவாள் என்றுதான் சொல்லவில்லை. அவள் இருமினாலும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

விடியச் சுபஹுக்கு அவளுக்கு வாந்தி. பிறகு வயிற்றோட்டம், நெருப்பாய்க் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வட்டிலாப்பம் முழுவதையும் குழி வெட்டிக் கொட்டினேன். கல்யாண வீட்டுக்கு உள்ளதைச் சொல்லியனுப்பினேன். ஏசினார்களாம். ஏசட்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். "ராத்தா, பிள்ள துடிக்கவே இல்ல."

"நான்தான் தங்கச்சி, பழுதான கலவையத் தந்தது" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் என் கையை விடவில்லை. மறுநாள் பின்னேரம் உள்ளேயிருந்து ஒரு உதை விழும்வரை அந்தக் கட்டிலை விட்டு நான் அசையவில்லை.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. நாற்பது நாள் முடிந்து, அடுத்த ஓடருக்கு வாளி நிறைந்தபோது, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கச்சி பக்கத்தில் வந்து நின்றாள். பழையபடி வாயைத் திறந்தாள். "தா ராத்தா, இனிப்புப் பாப்பம்."

கரண்டியைப் பின்னால் ஒளித்தேன். "போ புள்ள அங்கால! வெந்த பிறகு பாரு!" என்று கத்தினேன்.

"வெந்த பிறகு இனிப்பக் கூட்ட ஏலாதே?"

"குறைஞ்சாக் குறையட்டும்" என்று கலவையைச் சட்டியில் ஊற்றினேன்.