சுசீலாபாயின் பிடிக்கல்

உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளிச் சபைக்கென்று தனிக் கலயத்தில் போடுவது பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வழக்கம். பிடியரிசி என்று பேர். வீட்டில் அரிசி தட்டினாலும் அந்தக் கலயத்தில் கை வைக்கமாட்டார்கள். அங்கன்வாடி டீச்சர் சுசீலாபாய் இந்த வழக்கத்தைக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள்ளும் கொண்டுபோனாள். சிரிக்க வேண்டாம், கேளுங்கள்.

2008-இல் மகன் லிஜோ ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனான். போன் வாரத்துக்கு ஒருதரம், அதுவும் அவசர அவசரமாக. ஆனால் வாளும் மந்திரமும் பூதமுமாக அவன் ஆடுகிற இணைய விளையாட்டில் தினமும் சாயங்காலம் இருப்பான் என்று தெரிந்ததும், அவன் விட்டுப்போன கம்ப்யூட்டர் முன்னால் இவள் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தெட்டு வயதில் வில் பிடித்து, மகனோடு சேர்ந்து பூதம் கொன்றாள்.

பூதம் செத்தால் கல் விழும். கல்லைப் பதித்தால் ஆயுதம் வலுக்கும். இவளுக்கு இருந்தது ஒரே வில். கல்லோ பை கொள்ளாமல் சேர்ந்தது. மிச்சத்தை விளையாட்டுக்குள் இருக்கிற கடையில் விற்றுத் தள்ளச் சொன்னான் லிஜோ. மனம் வரவில்லை. பத்துக் கல் விழுந்தால் ஒன்றைத் தனிப்பையில் போட்டாள்; மற்றதில் பெரும்பாலும் லிஜோவின் வாளுக்கே கொடுத்துவந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் விளையாட்டின் கோட்டை வாசலில் நின்று, வெறுங்கையோடு வரும் புதியவர்களுக்கு ஆளுக்கு ஐந்து கொடுப்பாள்.

அடுத்த ஓணத்துக்கு லிஜோ ஆசைப்பட்டுத் தன் வாளை இன்னும் ஒரு படி ஏற்றப்போனான். பதித்த கல் பொருந்தாமல் வாள் நொறுங்கிப்போயிற்று. ஒன்றரை வருட உழைப்பு. புது வாளுக்கு முந்நூறு கல் வேண்டும். அம்மாவின் தனிப்பையில் கொடுத்ததுபோக அவ்வளவு இருந்தது.

“அம்மா, அந்தப் பையில உள்ளதத் தா. இல்லேங்கி நான் இந்தக் கம்ப்யூட்டர் களிய விடுதேன்” என்று எழுதினான்.

“அது எடுத்து வச்சது, மக்களே. எனக்குள்ளத மொத்தமும் எடுத்துக்கோ. அத மட்டும் கேக்காத.”

அவளுக்குள்ளது நாற்பது கல்தான். அவன் விளையாட்டை விட்டு வெளியேறிவிட்டான்.

மூன்று வாரம் அவன் வரவில்லை. போனில் அப்பாவின் சுகரைக் கேட்டான், மழையைக் கேட்டான், விளையாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. படத்தில் இருக்கிற கல்லுக்கா இந்தப் பிடிவாதம் என்று கணவர் தாசையன் தலையில் அடித்துக்கொண்டார். ஒருநாள் எல்லாக் கல்லையும் மகன் பேருக்கு அனுப்பத் துணிந்தும்விட்டாள். பெற்ற வயிறு ஒரு பக்கம் இழுத்தது, எடுத்து வைத்த கை மறுபக்கம் இழுத்தது. அனுப்ப முடியவில்லை. உட்கார்ந்து அழுதாள். தினமும் பிள்ளையைப் பார்க்கிற ஒரே வழியைத் தானே அடைத்துக்கொண்டோமே என்றுதான் அழுகை.

நாலாவது ஞாயிறு வழக்கம்போல வாசலில் நின்றாள். வரிசையில் ஐந்தாவதாகக் கிழிந்த சட்டையோடு ஒருவன், கையில் கத்திகூட இல்லை. தலைக்கு மேல் பேர்: பாறசாலைக்காரன்.

“எனக்கும் ஒரு பிடி கிட்டுமா அம்மா? களியில உள்ள என் பழைய ஆள அழிச்சாச்சு. முதல்ல இருந்து தொடங்குதேன்.”

சுசீலாபாய்க்குக் கண் மறைத்தது. ஐந்து கல் எண்ணிக் கொடுத்தாள். ஆறாவது கொடுக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

“சாப்பிட்டேன். வரிசையில எனக்குப் பொறத்த ஆளு நிக்குது, அவங்களுக்குக் குடு” என்றவன், நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். வரிசை தீரும்வரை போகவில்லை.