பாதியில் நின்ற போர்வை

பதினேழு வருஷம் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த தோழி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்பட்டுச் சேலை கட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்துபோனாள். அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து அவள் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். கையில் ஒரு துணிப்பை இருந்தது.

"டீச்சரே, இது பாதியில கெடக்கு. எனக்க மோளுக்கு மார்கழியில பிரசவம். கனடாவில அப்பம் ஒரே பனியாம். நீங்க முடிச்சுத் தருவியளா?"

பைக்குள் சாம்பல் நிறக் கம்பளி நூலில் ஒரு போர்வை. ஊசிகள் கண்ணிகளுக்குள் அப்படியே செருகியிருந்தன.

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த கொரோனா காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை அது. "குழித்துறைச் சூட்டுக்குக் கம்பிளியாக்கும் பின்னுகிய?" என்று மற்ற டீச்சர்கள் சிரிப்பார்கள். ஒன்றாகக் கற்றாலும் எங்கள் கை வேறுவேறு. என் பின்னல் தளர்ந்திருக்கும், விரலை நுழைக்கலாம். அவளுடையது பாய் மாதிரி இறுக்கம். அவளுடைய இடக்கை மோதிர விரல் மடங்காது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கியது. அதனால் ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணி கொஞ்சம் நீண்டு சாய்ந்து நிற்கும். இருட்டில் தடவினாலும் அவள் பின்னியது என்று சொல்லிவிடலாம்.

அவள் நிறுத்திய இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஹாலில் உட்கார்ந்து பின்னுவேன். முதல் மூன்று நாள் என் வரிசைகள் தளர்ந்து, தனியாகத் தெரிந்தன. நாலாம் நாள் விரித்துப் பார்த்தபோது கடைசி வரிசைகள் இறுகியிருந்தன. ஓரத்தில் முதல் கண்ணிகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன.

அதுவரை நான் பின்னிய பதினோரு வரிசையையும் பிரித்தேன். வேண்டுமென்றே நூலைத் தளரவிட்டுத் திரும்பப் பின்னினேன். அடுத்த நாள் எடுத்துப் பார்த்தால் அதே இறுக்கம், அதே சாய்வு.

அந்த வாரக் கடைசியில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். கத்தி நழுவியது. இடக்கை மோதிர விரல் மடங்கவில்லை. வெட்டுக்காயம் இல்லை, வலியும் இல்லை. மரக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

மார்த்தாண்டத்தில் டாக்டர் பார்த்தார். "நரம்புல சின்ன அழுத்தம். கொஞ்ச நாளு பின்னாதீங்க" என்றார். என் கணவர், "நீ நாளு முழுக்க அவளையே நெனச்சிட்டு இருக்க. அதாக்கும் இது" என்றார். நானும் அப்படி நம்பத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று, மார்கழியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு சாயங்காலம் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கண்ணிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தேன். எழுபத்து நாலு, எழுபத்தைந்து. அடுத்து என் வாயிலிருந்து வந்தது "எழுவத்தியாறு."

நான் அப்படிச் சொல்வதில்லை. அவள் சொல்வாள். சிதறால் பக்கம் வளர்ந்தவள். வகுப்பில் அவள் அந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். விரல்கள் நிற்கவில்லை. அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் நின்றன. ஊசியை நாற்காலியில் போட்டுவிட்டு, கணவர் வரும்வரை சாரலில் நனைந்துகொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தோழியின் கணவர் பார்க்க வந்தார். போர்வையை மடியில் விரித்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் கையை வைத்துக் கேட்டார்:

"இது வரைக்கும் அவ பின்னுனதாக்கும், இல்லியா?"

அவர் கை இருந்தது நான் கடைசியாகப் பின்னிய வரிசையில். நான் வெகு கீழே கிடந்த சிவப்பு நூலைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"டீச்சருக்க வெரலுக்கு என்ன பற்றிச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். பயப்படுவார், போர்வையைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் அதைத்தான் விரும்பினேன். அவர் ரொம்ப நேரம் ஓரத்துக் கண்ணிகளை ஒவ்வொன்றாக நெருடிக்கொண்டிருந்தார்.

"ஒரு காரியத்தப் பாதியில போட்டா அவளுக்கு ஒறக்கம் வராது" என்றார். "முடிச்சிருங்க டீச்சரே. அவ நிம்மதியாப் போட்டும்."

அதற்குப் பிறகு நான் எதிர்க்கவில்லை. கை போன போக்கில் விட்டேன். பயம் இருந்தது. ஆனால் அந்தச் சாயங்காலங்களில் பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரியும் இருந்தது. எட்டு நாளில் கடைசிக் கண்ணியையும் ஊசியிலிருந்து இறக்கினேன். வாங்கிப்போக வந்த அவர், சிவப்பு நூலைத் தானே அவிழ்த்து எடுத்தார்.

"அவ எங்க நிப்பாட்டுனான்னு மோளுக்குத் தெரியாண்டாம்."

போர்வை கனடாவுக்குப் போனது. இரண்டு வாரத்தில் என் விரல் பழையபடி மடங்கியது. ஓய்வு கொடுத்ததால் சரியாகிவிட்டது என்றார் டாக்டர்.

தை மாதம் தோழியின் மகள் வீடியோ காலில் வந்தாள். சாம்பல் நிறப் போர்வைக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, அம்மை எங்க நிப்பாட்டுனா? நானும் தேடித் தேடிப் பாக்கேன், ஒண்ணும் தெரியல்ல. எல்லாம் அம்மைக்க கை மாதிரியே இருக்கு."

"நான் கடைசியில கொஞ்சந்தான் மக்கா பின்னுனேன். மிச்சமெல்லாம் அவதான்."

போனை வைத்ததும் என் கணவர், "பாதிக்கு மேல நீயில்லா பின்னுன? எதுக்குப் பொய் சொன்ன?" என்று கேட்டார்.

அது பொய்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு டீ போடப் போய்விட்டேன்.