மூத்தவளின் துத்தநாகம்

பங்குச்சந்தை நிலவரம் வாசிக்கிற மாதிரி அந்த வீட்டில் காலைச் சாப்பாட்டு மேஜையில் மருமகள்களின் நிலவரம் வாசிக்கப்படும். வாசிப்பவர் மாமனார். காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஏதாவது ஓர் எண் ஏறுவதைப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. மருமகள்கள் இருவரும் மருந்து வேதியியல் ஆராய்ச்சிக்காரிகள், இப்போது ஆளுக்கொரு ஆய்வுக்கூடம். ஒருத்தி எழுதிய ஆய்வுக் கட்டுரையை உலகத்தில் வேறு யாராவது தன் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டினால் அது ஒரு மேற்கோள். அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் என்று இளைய மகன் அப்பாவுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தான். அன்றோடு மூத்தவளின் நிம்மதி போயிற்று.

“சின்னவளுக்கு நேத்து மட்டும் ஏழு ஏறியிருக்கு,” என்பார். பிறகு மூத்தவள் பக்கம் திரும்பி, “உனக்கு அப்படியேதாம்மா இருக்கு, ஒண்ணும் கொறையல,” என்பார். மேற்கோள் என்பது குறையவே குறையாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆறுதல் சொல்கிறாராம்.

மூத்தவள் வேலையில் சோடையில்லை. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘வடிகட்டி’ என்று பட்டப்பெயர். மற்றவர்கள் ஒரு தரம் சுத்தம் செய்து விட்டுவிடும் பொருளை அவள் மூன்று தரம் சுத்தம் செய்வாள். அதற்குள் மற்றவர்கள் கட்டுரை எழுதி, அச்சாகி, கேக்கும் வெட்டியிருப்பார்கள். முன்பு அதே கூடத்தில் வேலை பார்த்த சின்னவள் அந்த மற்றவர்களில் ஒருத்தி. கொழுந்தனுக்குப் பெண் தேடியபோது, “எங்க லேப்ல ஒரு பொண்ணு இருக்கா, தங்கமானவ,” என்று வாய் நிறையச் சொல்லி இந்த வீட்டுக்குக் கொண்டு வந்ததும் மூத்தவள்தான். விலை கொடுத்து வாங்கிய வினை என்று இப்போது பாத்திரம் துலக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள். துலக்குகிற சத்தத்திலேயே அவள் புருஷனுக்கு இன்றைக்கு யாருக்கு எத்தனை ஏறியது என்று தெரிந்துவிடும்.

அவள் எழுதியதில் உருப்படியான கட்டுரை ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால், வேறோர் ஆய்வுக்கூடத்தில் எழுதியது. ஒட்டுண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு மருந்துப் பொருள் கண்டுபிடித்துவிட்டதாகக் குதித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பார்த்தால் அந்தப் பொருளுக்கு ஒரு சக்தியும் இல்லை. தயாரிப்பின் கடைசிப் படியில் போட்ட துத்தநாகத்தூள் இம்மியளவு அதில் ஒட்டிக்கொண்டு, அதுதான் வேலை செய்திருக்கிறது. துத்தநாகத்தைப் பிடித்து வெளியே எடுத்ததும் மருந்து வெறும் மாவாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதி, யாரும் படிக்காத ஒரு பத்திரிகையில் போட்டாள். தலைப்பில் துத்தநாகம் என்ற பேச்சே கிடையாது. தோற்ற கதையைத் தலைப்பில் வேறு சொல்வானேன் என்ற வெட்கம்தான். அதற்கு மொத்தம் ஒன்பது மேற்கோள். அதிலும் மூன்று அவளே தன்னைக் காட்டிக்கொண்டது. வீட்டில் ஒருவரிடமும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் சின்னவள் புதுக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். அனுப்புவதற்கு முன்னால் அக்கா ஒரு பார்வை பார்க்க வேண்டுமாம். மூத்தவள் பார்த்தாள். பொருள் வேறு, நோய் வேறு. ஆனால் கடைசிப் படி அதே துத்தநாகத்தூள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். அன்று காலைதான் மாமனார் சின்னவளுக்குப் பன்னிரண்டு ஏறியதாக வாசித்திருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். சின்னவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அதோடு முடிந்திருந்தால் சாதாரணப் பொறாமைதான். ஆனால் மறு மாதமே அந்தக் கட்டுரை வேறு வழியில் அவளிடம் வந்து சேர்ந்தது. அச்சிடுவதற்கு முன்னால் பத்திரிகைக்காரர்கள் அதே தொழிலில் இருக்கும் யாரிடமாவது அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். அந்த மதிப்பீட்டாளரின் பெயரை எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். எழுதியவருக்கும் உங்களுக்கும் உறவு உண்டா என்று கூடவே வந்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஓரகத்தி என்பது உறவில்லையா? மூத்தவள் ‘இல்லை’யைத் தட்டினாள். கத்தி தானாகக் கையில் வந்து உட்காரும்போது யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் திட்டித் தீர்த்தாள். பிறகு அதை அழித்துவிட்டு ஆகா ஓகோ என்று புகழ்ந்தாள். அச்சாகட்டும், ஊரெல்லாம் அந்த மருந்தைச் செய்து பார்த்து ஏமாந்து காறித் துப்பட்டும். அனுப்பப் போன நேரத்தில்தான் இன்னொன்று உறைத்தது. ஊர் ஏமாந்து தெளிய இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை இந்தப் பொய்க்கும் சேர்த்து மேற்கோள் ஏறுமே! மாமனார் வாசிப்பாரே! புகழ்ந்ததையும் அழித்தாள். உண்மையை எழுதினாள். துத்தநாகத்தை எப்படிப் பிடித்து எடுப்பது, எடுத்த பிறகு எதைச் சோதிப்பது என்று தன் கைப்பக்குவம் முழுவதையும் வரிவரியாக எழுதினாள். நல்ல மனசால் இல்லை. இன்னொரு ஏழு ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

ஆதாரம் என்ற இடத்தில் தன் பழைய கட்டுரையைக் குறிப்பிடத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். ஆறு பேர் தவிர யாரும் சீந்தாத கட்டுரை அது. அதைக் காட்டினால் எழுதியது யார் என்று சின்னவள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். உறவில்லை என்று சொன்ன பொய்யும், நல்லாத்தான் இருக்கு என்ற பொய்யும் ஒன்றாகச் சந்திக்கு வரும். ஆதாரத்தை எடுத்துவிட்டு அனுப்பினாள்.

கட்டுரை திரும்பி வந்தது. சின்னவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தாள். மூத்தவளுக்குச் சில வாரம் சாப்பாடு நன்றாக இறங்கியது. துலக்கிய பாத்திரங்கள் சத்தமில்லாமல் அலமாரிக்குப் போயின.

சின்னவள் அழுதுவிட்டுச் சும்மா இருக்கிற ஜாதியில்லை. மதிப்பீட்டாளர் சொன்னபடியே செய்து பார்த்தாள், தன் மருந்து மாவாவதைக் கண்டாள். என்னுடையது இப்படியென்றால் மற்றவர்களுடையது எப்படி என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். உலகத்தில் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் மருந்து என்று அறிவித்த நாற்பது பொருள்களைச் செய்து, ஒவ்வொன்றிலும் துத்தநாகத்தை எடுத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் மாவு. அதை எழுதினாள். தலைப்பிலேயே துத்தநாகம். மூத்தவளுக்கு அந்த அடுத்த கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. அதுதான் எல்லாவற்றையும் விட அதிகமாக எரிந்தது.

“முந்நூறு தாண்டிடுச்சு,” என்றார் மாமனார் ஒரு காலையில், குரல் தழுதழுக்க. அப்படி என்னதான் எழுதினாய் என்று மாமியார் கேட்டதற்குச் சின்னவள் எல்லாருக்கும் புரியும்படி விளக்கினாள். மறைக்கவும் இல்லை, யாரோ முகம் தெரியாத மதிப்பீட்டாளர் போட்ட பிச்சை என்றாள். அந்த ஆள் சொல்லியிருக்காவிட்டால் தன் மானம் கப்பலேறியிருக்கும் என்றாள்.

மூத்தவளால் வாயை அடக்க முடியவில்லை. “இதுக்கு முன்னாடி யாருமே எழுதலையா?”

“தேடித் தேடிப் பாத்தேன்க்கா. ஒண்ணுமே அகப்படல. அந்த ஆளும் எதையும் காட்டல.” சின்னவள் தட்டை ஒதுக்கிவிட்டு அவள் பக்கம் நன்றாகத் திரும்பினாள். “நீங்க எனக்கு முன்னாடியே இந்த வேலைக்கு வந்தவங்க. எங்கயாவது பாத்திருக்கீங்களா? இருந்தா சொல்லுங்க. அடுத்த கட்டுரையில முதல்ல அதைத்தான் போடுவேன். கண்டுபிடிச்சவங்க பேரு வெளிய தெரியணும்ல?”

கட்டுரை மாடியில், அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. பன்னிரண்டு படி ஏறினால் போதும். ஏறி எடுத்து வந்து மேஜையில் போட்டால் முந்நூறு பேருக்கும் தெரிந்துவிடும். மாமனார் அவள் பெயரையும் தழுதழுத்து வாசிப்பார். அதற்கு அப்புறம் சின்னவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: அன்னைக்கு மாடிக்கு வந்து கேட்டேனே, அப்ப ஏன்க்கா சொல்லல?

“இல்லம்மா,” என்றாள் மூத்தவள். “நானும் பாத்ததில்ல.”

சின்னவள் அதையும் நம்பினாள்.