ஆக்சலாட்டலுக்கு மஞ்சள் வைத்தியம்

எங்கள் வீட்டு ஆக்சலாட்டல் குட்டிக்கு உடம்பு சரியில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: விரல் நீளம், நாலு கால், தலையோரம் சிவந்த செவுள்கள், தண்ணீருக்குள்ளேயே வாழும் ஜீவன். என் மகள் யாழினிக்கு அதுதான் உயிர்.

இன்று காலை அதன் செவுளில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. புண் என்றால் மஞ்சள்தானே? தொட்டியில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் கொஞ்சம் உப்பும் போட்டேன்.

"சரியாயிடும்மா" என்று மகளிடம் சொன்னேன்.

மதியத்துக்குள் குட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

நாங்கள் குடியிருக்கும் காஜா பெராங்கிலிருந்து பக்கத்துத் தெங்கேராவில் இருக்கும் வளர்ப்பு மீன் கடைக்கு மகளையும் ஏற்றிக்கொண்டு ஓடினேன். நடந்ததைச் சொன்னதும் கடைக்காரத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, மஞ்சளும் உப்புமா? மிளகாய்த்தூள் மட்டும்தான் பாக்கி. அப்படியே பொரிச்சிருக்கலாம் லா!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாழினி சிரிக்கவில்லை.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல தண்ணி மாத்தி, குளிர்ச்சியா வச்சுப் பாருங்கண்ணே. ரொம்பச் சின்னக் குட்டி. தாங்குமான்னு தெரியல."

இப்போது அது நல்ல தண்ணீர் ஊற்றிய ஒரு டப்பாவில், பிரிட்ஜின் கீழ்த்தட்டில், கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் கிடக்கிறது. செவுள் மட்டும் எப்போதாவது அசைகிறது.

"சரியாயிடும்மா" என்றேன்.

"மஞ்சள் போடும்போதும் இதேதான் சொன்னீங்கப்பா."

ஆக்சலாட்டல் வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மருந்து மட்டும் வேண்டாம்.