காலர் தைக்கிறவளுக்குக் கலர் வந்தது

அக்கா சட்டைக் கம்பெனியில் மூன்றாம் மாடியில் காலர் தைக்கிறவள். வீட்டில் பருப்பும் கீரையும் ஆம்பிளைகளோடு தீர்ந்துவிடும். பானை அடியில் மிஞ்சியது எங்களுக்கு. நான் முன்னாடியே திருடித் தின்றுவிடுவேன். அக்காவுக்கு அந்தத் திறமை இல்லை, டீயைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். மாதத்தில் பத்து நாள் அவளுக்கு ரத்தம் போகும். அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கமாட்டோம்.

போன வருடம் அவள் வெளுக்க ஆரம்பித்தாள். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

"கலர் ஏறிட்டே போகுதே! என்னடி க்ரீம் போடுற?" என்று அத்தை கன்னத்தைக் கிள்ளினாள். அம்மா உடனே போட்டோ எடுத்துத் தரகரிடம் கொடுத்தாள். நான் 'வெள்ளைக்காரி' என்று பேர் வைத்தேன். மாடிக்கு மாடி உட்கார்ந்து அவள் மூச்சு வாங்குவதை நடித்துக் காட்டினேன். தையல் சுண்ணக்கட்டியை அவள் நொறுக்கித் தின்றபோது, "அம்மா, வெள்ளையோட ரகசியம் தெரிஞ்சுபோச்சு!" என்று கத்தினேன். என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

ஒருநாள் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

"ரத்தம் ஆறுதான் இருக்கு. பன்னண்டு இருக்கணும்," என்றார்கள் ஆஸ்பத்திரியில். கீரை, பயறு, ஈரல் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை ஆறு மாதம் விடாமல் போட வேண்டும், அதுவும் டீயோடு கூடாது.

இரண்டே மாதத்தில் அக்கா நிற்காமல் மாடி ஏறினாள். பழைய மாநிறமும் திரும்பியது. அந்த நேரம் பார்த்து, போட்டோ பிடித்துப்போன மாப்பிள்ளை வீட்டார் நேரில் வருவதாகச் சொன்னார்கள்.

"இரும்பத் தின்னு தின்னு கறுத்துட்டியேடி!" அம்மா மாத்திரை அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "அவங்க வந்துட்டுப் போகட்டும், அப்புறம் போட்டுக்கலாம்."

"அக்கா, பூட்டத் தொறந்து எடுத்துத் தரவா?" என்றேன்.

"வேணாம்டி. அம்மா ஆசைப்படுது. கொஞ்ச நாள்தானே."

நானும் விட்டுவிட்டேன். வேண்டாத எத்தனையோ பூட்டைத் திறந்த கை இது.

வருகிறவர்கள் நாளைத் தள்ளித் தள்ளி மூன்று மாதம் ஆக்கினார்கள். அக்கா கம்பெனிப் படியில் விழுந்தாள். இந்தமுறை ரத்தம் நான்கு. இதயம் வீங்கியிருக்கிறதாம், இனி மாடி ஏறும் வேலையே கூடாதாம். அதே வாரம் தரகர் போனில், "அவங்க வேற இடம் பாத்துட்டாங்க," என்றார்.

ரத்தப் பையை மாட்டியபடி நர்ஸ் கேட்டார்: "மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?"

"நான்தாங்க," அம்மா தரையைப் பார்த்தாள். "பொண்ணு கறுத்துடுவாளேன்னு..."

"அது கறுப்பு இல்லம்மா. அதுதான் ரத்தம்."

நர்ஸ் திட்டவில்லை. அம்மாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. அதே மாத்திரைக்கு ஒரு சீட்டு எழுதி நீட்டினார்.

"எனக்கு எதுக்குங்க? நான் நல்லாத்தான் இருக்கேன்," என்று அம்மா அதை மடித்து இடுப்பில் செருகினாள்.

பிறந்ததிலிருந்து யாரையும் ஒரு வேலை ஏவாத அக்கா, கட்டிலிலிருந்து பேசினாள்: "இப்பவே போய் வாங்கிட்டு வாம்மா. என் கண்ணு முன்னாடி போடு."

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.